கணக்கின் அறம்: நாட்டின் முதல் நிதியமைச்சர் சண்முகம் செட்டியார்

சமண அறநூல்கள் இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதங்கள் ஐந்தனுள் கள்ளாமை ஒன்று. பிறர் பொருளை எடாதிருத்தல் என்று அதனைச் சுருங்கச் சொல்லிவிடலாம். தத்துவார்த்த சூத்திரம் அருளிய ஆசாரியர் உமாஸ்வாமி அவ்வளவில் நிற்கவில்லை. அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்தினை எண்ணிச் சொல்கிறார். களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதிக்கு மாறாகப் பொருள் கொள்ளுதல், நிறையிலும் அளவிலும் ஏமாற்றுதல், உயர்ந்த பொருளோடு தாழ்ந்ததைக் கலத்தல் என்பன அவை. வாய்மை விரதத்திற்கு நேரும் குற்றங்களுள்ளும் பொய்யாவணம் எழுதுதல், அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல் என்னும் இரண்டு இடம் பெறுகின்றன. சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவற்றை இல்லறத்தார்க்கு விரித்துரைத்தார். அந்நூலின் வழியில் எழுந்த அருங்கலச்செப்பு இவ்விரதங்களைத் தமிழில் தந்து, தமிழ்ச் சமணர் இல்லங்களில் இன்றும் ஓதப்பட்டு வருகிறது.

அரசின் விதிக்கு மாறாகப் பொருள் கொள்ளுதல் என்பதற்கு இக்காலத்துப் பெயர் வரி ஏய்ப்பு. பொய்யாவணம் என்பதற்கு இக்காலத்துப் பெயர் பொய்க்கணக்கு. வணிகமும் உழவும் செய்து வாழ்ந்த சமூகத்துக்கு நம் ஆசாரியர்கள் கோயிலில் நின்று மட்டும் அறம் சொல்லவில்லை. கடைத்தெருவிலும் பேரேட்டின் முன்னிலையிலும் நின்று சொன்னார்கள் என்பது இதனால் விளங்கும்.

வரி செலுத்துவோன் கடமை இவ்வாறு தெளிவாகிறது. வரியைத் தொகுத்துக் காப்போன் கடமை யாது? கணக்கில் வரவேண்டிய ஒரு பெயர் வராமற்போனால் அதற்கு யார் பொறுப்பு? இந்திய விடுதலைக்குப் பின் இவ்வினா முதன்முதலாகப் பெரிய அளவில் எழுந்தபோது அதற்கு விடை சொல்லவேண்டியவராக இருந்தவர் தமிழர் ஒருவர். வழக்கறிஞர், பொருளியல் அறிஞர், இளங்கோவடிகளின் காப்பியத்துக்கு உரை எழுதியவர். அவரே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

கோவையில் தொடக்கம்

சண்முகம் செட்டியார் 1892ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 17ஆம் நாள் கோயம்புத்தூரில் ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் கந்தசாமி செட்டியார். பருத்தி விளைச்சலும் நூற்பும் நெசவும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்த நகரம் அது. செட்டியாரின் குடும்பமும் பின்னாளில் ஆலைத்தொழிலில் ஈடுபட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியலும் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டமும் பயின்று அவர் ஊர் திரும்பினார். வரவும் செலவும் எழுதும் கலை வணிகக் குடும்பத்தில் பிறந்தவர்க்குப் பிறவியிலேயே வாய்ப்பது. சட்டம் கல்லூரி தந்தது. இவ்விரண்டும் ஒருவரிடம் ஒருங்கே அமைந்ததே அவர்தம் பொதுவாழ்வின் முதலீடு எனலாம்.

1917ஆம் ஆண்டு கோவை நகர்மன்ற உறுப்பினரானார். அதன் துணைத்தலைவராகவும் பணியாற்றினார். நகர்மன்றம் பொதுநிதியின் முதற் பள்ளிக்கூடம். வீட்டுவரி எவ்வளவு தண்டப்பட்டது, குடிநீருக்கும் சாலைக்கும் விளக்குக்கும் எவ்வளவு செலவாயிற்று என்பன அங்கே கண்முன் தெரியும் கணக்குகள். வரி கொடுத்தவனே மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டுக் கேள்வி கேட்பான். பின்னாளில் நாடு முழுவதற்கும் கணக்கு எழுதியவர் அப்பாடத்தை ஓரூரின் கணக்கில் தொடங்கினார்.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920இல் நடந்த தேர்தலில் நீதிக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர்ச் சுயராச்சியக் கட்சியில் சேர்ந்து 1924 முதல் தில்லியில் மத்திய சட்டமன்ற உறுப்பினராக விளங்கினார். அக்கட்சியின் கொறடாவாகவும் இருந்தார். ஜெனிவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடுகளுக்கு இந்திய முதலாளிகளின் பிரதிநிதியாகச் சென்றார்.

பேரவைத் தலைவர்

1931இல் மத்திய சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். 1933இல் அதன் தலைவராக உயர்ந்தார். தலைவருக்குரிய இருக்கையில் அவர் அமர்ந்திருந்த காலத்தில் மன்றத்தின் முன் வந்த சட்டங்களுள் ஒன்று இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம். 1933 செப்டம்பரில் முன்வைக்கப்பெற்ற அச்சட்ட முன்வடிவு அவ்வாண்டு டிசம்பரில் மன்றத்தில் நிறைவேறியது. 1934இல் சட்டமாகி, 1935 ஏப்ரல் முதல் நாள் வங்கி செயற்படத் தொடங்கியது. அந்நாளில் அது பங்குதாரர்களுக்கு உரிமையான வங்கி. அதனை நாட்டுடைமையாக்கும் முடிவைப் பதினைந்தாண்டுக்குள் இவரே நிதியமைச்சராக இருந்து அறிவிக்கவேண்டி வரும் என்பதை அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரித்தானியப் பேரரசின் பொருளாதார மாநாடு கூடியது. இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகச் செட்டியார் சென்றார். பேரரசைச் சேர்ந்த நாடுகள் தமக்குள் சுங்கவரிச் சலுகை கொடுத்துக்கொள்ளும் உடன்பாடு அங்கே உருவாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் விலை வீழ்ந்து உழவர் நலிந்திருந்த காலம். இந்தியப் பொருளுக்குச் சந்தை வேண்டும் என்பது உடன்பாட்டை ஆதரித்தோர் வாதம். இங்கிலாந்துக்கே ஆதாயம் மிகுதி என்பது தேசியவாதிகளின் வாதம். செட்டியார் உடன்பாட்டின் பக்கம் நின்றார். 1933இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலிலோ காங்கிரசு அலையில் அவர் தோல்வியுற்றார். மக்கள் மனம் ஒரு திசையிலும் தம் கணக்கு மற்றொரு திசையிலும் செல்லும்போது நேரும் விளைவை அவர் அப்போது அறிந்தார்.

கொச்சியின் திவான்

தேர்தலில் தோற்றவரைக் கொச்சி சமஸ்தானம் 1935இல் திவானாக அழைத்துக்கொண்டது. 1941 வரை அப்பொறுப்பில் இருந்தார். திவான் என்பவர் முதலமைச்சரும் நிதிப்பொறுப்பாளரும் ஒருவராக அமைந்த பதவி. சமஸ்தானம் சிறியது, அதன் துறைமுகமோ பெரியது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணற்றிட்டை அகழ்ந்து உள்துறைமுகத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அகழ்ந்தெடுத்த மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. சென்னை மாகாணம், திருவிதாங்கூர், கொச்சி, இந்திய அரசு என்று நால்வர்க்கும் அத்துறைமுகத்தில் பங்கும் உரிமையும் இருந்தன. இத்தகைய இடத்தில் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரும் சுங்க வருவாயைக் கணிக்கத் தெரிந்த கணக்கரும் ஒருவரே ஆகி அமைந்தது சமஸ்தானத்தின் நற்பேறு. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது.

1938இல் கொச்சி அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர் ஒருவரிடம் சில துறைகள் ஒப்படைக்கப்பட்டன. இந்தியச் சமஸ்தானங்களில் இது முன்னோடியான ஏற்பாடு. எர்ணாகுளத்தில் உப்பங்கழியை ஒட்டிச் செல்லும் சண்முகம் சாலை இன்றும் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது.

உலகக் கணக்கில் இந்தியாவின் பங்கு

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் இந்திய அரசின் கொள்முதற் குழுவுக்குச் செட்டியார் தலைமை ஏற்றார். போர் முடியுமுன்பே, 1944 சூலைத் திங்களில், அமெரிக்காவின் நியூ ஆம்ப்ஷயர் மாநிலத்துப் பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் நிதிமாநாடு கூடியது. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் அங்கே கருக்கொண்டன. வைசிராயின் நிதி உறுப்பினர் ஜெரமி ரைஸ்மன் தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் சி. டி. தேஷ்முக், தியோடோர் கிரகரி, ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோருடன் செட்டியாரும் இடம்பெற்றார்.

நாடு இன்னும் விடுதலை பெறவில்லை. எனினும் இந்தியக் குழு தன் குரலைத் தனித்தே ஒலித்தது. ஏழைநாடுகளின் வளர்ச்சியும் நிதியத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வேண்டும் என்று அக்குழு வாதிட்டது. கேட்ட சொற்கள் அப்படியே கிடைக்கவில்லை. ஆயினும் உறுப்பு நாடுகள் அனைத்தின் ஆக்கவளங்களையும் வளர்த்தல் என்னும் கருத்து நிதியத்தின் நோக்கங்களில் ஏறியது. இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், சீனா, பிரான்சு ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அது. சோவியத் ஒன்றியம் நிதியத்தில் சேராமையால் இந்தியா ஐந்தாம் இடத்தைப் பெற்றது.

தீராத கணக்கு மற்றொன்றும் இருந்தது. போர்க்காலத்தில் பிரிட்டனுக்காக இந்தியா அளித்த பொருளுக்கும் பணிக்கும் ஈடாக, ஸ்டெர்லிங் நிலுவை என்ற பெயரில் லண்டனில் பெருந்தொகை சேர்ந்துவிட்டது. போர் முடிவில் அது 100 கோடி பவுண்டுக்கும் மேற்பட்டிருந்தது. நாட்டுமக்கள் பஞ்சத்திலும் விலையேற்றத்திலும் வாடி ஈட்டிய தொகை அது. அந்நிலுவையைப் பற்றிய உடன்பாட்டைக் காண 1948இல் லண்டன் சென்ற இந்தியக் குழுவுக்குச் செட்டியாரே தலைவர். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற படைக்கலப் பண்டங்களின் விலை, ஓய்வுபெற்ற ஆங்கில அலுவலர்களின் ஓய்வூதியம் ஆகியவற்றை அந்நிலுவையில் கழித்துக்கொள்ளவும், எஞ்சியதில் ஆண்டுதோறும் எவ்வளவு விடுவிப்பது என்று வரையறுக்கவும் அக்குழு பேசி முடிவு கண்டது.

முதல் வரவு செலவுத் திட்டம்

1947 ஆகஸ்டு 15ஆம் நாள் பதவியேற்ற நேருவின் அமைச்சரவையில் காங்கிரசைச் சாராதவர் சிலரும் இடம்பெற்றனர். சட்ட அமைச்சர் அம்பேத்கர், தொழில் அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி, நிதியமைச்சர் சண்முகம் செட்டியார் ஆகியோர் அவருள் அடங்குவர். ஆங்கிலேயர் ஆட்சியோடு ஒத்துழைத்தவர் என்று காங்கிரசாரால் குறைகூறப்பட்ட ஒருவரிடம் நாட்டின் கருவூலத் திறவுகோல் தரப்பட்டது. நாட்டுக்கு அன்று வேண்டியிருந்தது அனுபவம்.

1947 நவம்பர் 26ஆம் நாள் விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் செட்டியார் முன்வைத்தார். ஆகஸ்டு 15 முதல் மறுஆண்டு மார்ச் 31 வரை, ஏழரைத் திங்களுக்குரிய கணக்கு அது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய்; பற்றாக்குறை 26.24 கோடி ரூபாய். செலவில் 92.74 கோடி பாதுகாப்புக்கு உரியது, ஏறத்தாழப் பாதி. எல்லை கடந்து வந்த அகதிகளை மீட்டுக் காப்பதற்கு 22 கோடியும், இறக்குமதி செய்த உணவுத் தானியத்தின் விலையைத் தாங்குவதற்கு 22.52 கோடியும் ஒதுக்கப்பட்டன. இவ்வெண்களைத் தனித்தனியே பார்த்தால் எண்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரு நாட்டின் பிறப்புக் குறிப்பு. எல்லையில் போர், தெருவில் அகதி, அடுப்பில் தானியமின்மை என்னும் மூன்று துயரங்களும் அக்கணக்கில் வரிவரியாக நிற்கின்றன.

புதுவரி என்று அவர் முன்வைத்தது பருத்தித் துணிக்கும் நூலுக்கும் உரிய ஏற்றுமதித் தீர்வை. ஆலைத்தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர், கோவை நகரத்தார், தம் முதல் வரியைப் பருத்தியின் மேலேயே விதித்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரிவினையின் கணக்கும் அவர் மேசைக்கு வந்தது. பிரிக்கப்படாத இந்தியாவின் கையிருப்பில் பாகிஸ்தானுக்குரிய பங்கு 75 கோடி ரூபாய் என முடிவாயிற்று. அதில் 20 கோடி முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. காசுமீரில் போர் மூண்டமையால் எஞ்சிய 55 கோடியை அரசு நிறுத்திவைத்தது. அந்நிலைப்பாட்டை நிதியமைச்சரும் எடுத்துரைத்தார். 1948 சனவரி 13ஆம் நாள் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். இரண்டு நாள் கழித்து அத்தொகையைக் கொடுத்துவிட அமைச்சரவை முடிவு செய்தது. சட்டப்படியும் அரசியற்படியும் நிறுத்திவைக்கக் காரணம் இருந்த பணம், கொடுத்த வாக்கு என்னும் ஒரே காரணத்தால் கைமாறியது. அடைக்கலப் பொருளைப் பற்றி நம் அறநூல்கள் கூறுவதை அந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது.

1948 பிப்ரவரியில் இரண்டாவது வரவு செலவுத் திட்டத்தையும் செட்டியார் அளித்தார். ரிசர்வ் வங்கியை நாட்டுடைமையாக்கும் முடிவு அவர் காலத்தில் அறிவிக்கப்பெற்று, 1949 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தொழில்களுக்கு நெடுங்காலக் கடன் வழங்கும் இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948 சூலை முதல் நாள் தோன்றியது. ஓராண்டு நிதியமைச்சருக்கு இவை சிறுசெயல்கள் அல்ல.

பட்டியலில் விடுபட்ட பெயர்கள்

போர்க்காலத்தில் கள்ளச் சந்தையிலும் பதுக்கலிலும் பெரும்பொருள் ஈட்டியோர் பலர் உரிய வரியைச் செலுத்தவில்லை என்பது நாடறிந்த குறை. அதனைக் களைய, விடுதலைக்குச் சில திங்கள் முன்னர், இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலிகான் காலத்தில், வருமானவரிப் புலனாய்வு ஆணையச் சட்டம் 1947 இயற்றப்பட்டது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார் அவ்வாணையத்தின் தலைவராக அமர்ந்தார்.

சட்டத்தின் அமைப்பு எளியது. ஒருவர் பெருமளவு வரி ஏய்த்தார் என்று நம்புவதற்கு முதல்நோக்கிலேயே காரணம் இருந்தால், மத்திய அரசு அவர் வழக்கை ஆணையத்துக்கு அனுப்பும். ஆணையம் விசாரிக்கும். ஆணையம் தானே ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரணையைத் தொடங்க இயலாது. அரசு அனுப்பும் பட்டியலே அதற்கு வாயில். எனவே பட்டியலில் எந்தப் பெயர் ஏறுகிறது, எந்தப் பெயர் இறங்குகிறது என்பதிலேயே அச்சட்டத்தின் உயிர் இருந்தது. அப்பட்டியலை எழுதும் எழுதுகோல் நிதியமைச்சகத்திடம் இருந்தது.

1948ஆம் ஆண்டில், ஆணையத்துக்கு அனுப்புவதற்காகத் தொகுக்கப்பட்ட பட்டியலிலிருந்து தொழிலதிபர் சிலரின் பெயர்கள் நீக்கப்பட்ட செய்தி வெளிப்பட்டது. மன்றத்தில் கேள்விகள் எழுந்தன. கோப்புகளின் பெருக்கத்திடையே அமைச்சர் ஒவ்வொரு வழக்கையும் தம் கண்ணால் ஆராய்ந்திருக்க இயலுமா என்று கேட்பது எளிது. ஆனால் பெயரை நீக்கும் முடிவு அவர் துறையினுடையது. துறையின் முடிவு அமைச்சரின் முடிவு. செட்டியார் பொறுப்பினை ஏற்று, 1948 ஆகஸ்டில் பதவியை விட்டு விலகினார். பதவியேற்று ஓராண்டே நிறைந்திருந்தது. சில வாரங்களுக்குப் பின் ஜான் மத்தாய் நிதியமைச்சரானார்.

இந்நிகழ்ச்சியை இருவகையாக மதிப்பிடுவோர் உண்டு. ஆற்றல் மிக்க ஒருவரை நாடு ஒரு கோப்பின் பொருட்டு இழந்தது என்பர் ஒரு சாரார். அமைச்சரவையின் முதல் ஆண்டிலேயே நிதித்துறையின் நடுநிலை ஐயத்துக்கு உள்ளானது பெருங்குறை என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. பெயர் நீக்கம் சிறுபிழை என்று தள்ளிவிடக்கூடியதன்று. வரி ஏய்த்தவன் என்று ஐயுறப்பட்ட ஒருவன் விசாரணையின்றித் தப்பினால், ஒழுங்காக வரி கட்டிய ஆயிரவரும் ஏமாற்றப்பட்டவராகின்றனர். பேரேட்டில் ஒரு தொகையைக் குறைத்தெழுதுவதும், பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிடுவதும் விளைவில் ஒன்றே. அதே வேளையில், பதவி விலகுமாறு சட்டத்தின் எந்தப் பிரிவும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் எண்ணத்தக்கது. வழக்காடத் தெரிந்தவர் அவர். கீழலுவலர் மேல் பழியைச் சுமத்தி வாதிட அவருக்குச் சொற்பஞ்சம் இல்லை. நாற்காலியைக் காத்துக்கொள்ள வழி தேடியிருக்கலாம். அவர் நாற்காலியை விட்டெழுந்தார்.

அந்த ஆணையத்துக்கும் பின்னாளில் ஒரு முடிவு நேர்ந்தது. சிலரை மட்டும் பொதுச்சட்டத்தினும் கடுமையான முறையில் விசாரிப்பது, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு முரணாகும் என்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 1950களில் செல்லாதனவாக்கியது. பட்டியலில் சேர்ப்பதிலும் நீதி வேண்டும், விடுவதிலும் நீதி வேண்டும் என்பதை அத்தீர்ப்புகளும் வேறொரு வழியால் உணர்த்தின.

சிலம்பும் செட்டியாரும்

செட்டியாரின் மற்றொரு முகம் தமிழ்முகம். அண்ணாமலை அரசர் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்தில் அவர் முன்வரிசையில் நின்று உழைத்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். இவற்றினும் தமிழ்ச் சமணர்க்கு நெருக்கமானது ஒன்று உண்டு. சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு அவர் உரை எழுதினார்.

இளங்கோவடிகளைச் சமணத் துறவியாகவே நம் மரபு போற்றி வருகிறது. புகார்க்காண்டத்து நாடுகாண் காதையில்தான் கவுந்தியடிகள் கோவலன் கண்ணகியரோடு வழித்துணையாகச் சேர்கிறார். காலடியில் சிற்றுயிர் நசுங்காமல் நடக்கவேண்டுமென அவர்களை எச்சரிக்கிறார். திருவரங்கத்தை அடுத்த சோலையில் சாரணர் அருகப் பெருமானின் திருநாமங்களை அடுக்கிப் போற்றி அறம் உரைப்பதும் அக்காதையில்தான். கொங்குநாட்டு வழக்கறிஞரும் திவானுமாகிய ஒருவர் அப்பகுதிக்குச் சொல்தோறும் பொருள் தேடி உரை எழுதினார் என்பதை எண்ணும்போது தமிழ்ச் சமணர் உள்ளம் உவக்கும்.

அக்காப்பியத்தின் முகப்பிலுள்ள பதிகம் நூல் உணர்த்தும் மூன்று உண்மைகளைச் சொல்கிறது. அரசியலில் பிழை செய்தோரை அறமே கூற்றுவனாக நின்று தண்டிக்கும் என்பது அவற்றுள் முதலாவது. அப்பிழை காப்பியத்தில் எப்படி நிகழ்கிறது என்று நோக்கவேண்டும். பாண்டியன் கொடியவன் அல்லன். பொருளாசையால் அவன் கோவலனைக் கொல்லவில்லை. பொற்கொல்லன் சொன்னதை ஆராயாது ஏற்றான்; ஆணையைப் பிறப்பித்தான். சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று பார்க்கும் ஒருகணச் சோதனையை அவன் செய்யவில்லை. அச்சோதனை பின்னர் அவையில் நடந்தது. மாணிக்கம் தெறித்தபோது, ஏவலர் பிழை என்றோ பொற்கொல்லன் பிழை என்றோ அவன் கூறவில்லை. குற்றம் தன்னதே என்று ஏற்று உயிர்நீத்தான். ஆராயாமை அவன் பிழை. பொறுப்பேற்றல் அவன் பெருமை. இரண்டையும் இளங்கோவடிகள் மறைக்காமல் காட்டுகிறார்.

செட்டியாரின் வாழ்விலும் பிழையும் பொறுப்பேற்றலும் அடுத்தடுத்து நிற்கின்றன. காப்பியத்து மன்னன் உயிரைக் கொடுத்தான்; மக்களாட்சியின் அமைச்சர் பதவியைக் கொடுத்தார். தம் கையொப்பத்தின் கீழ் நடந்ததற்குத் தாமே விடை சொல்லவேண்டும் என்னும் முறை இரண்டிலும் ஒன்று.

அறங்காவலர்க்கு ஒரு பாடம்

1953 மே திங்களில், அறுபதாம் அகவையில், சண்முகம் செட்டியார் மறைந்தார். நகர்மன்றம் முதல் பன்னாட்டு மாநாடு வரை அவர் பார்த்த கணக்குகள் பல. அவற்றுள் எளிதானது பணக்கணக்கு. கூட்டிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். கடினமானது பெயர்க்கணக்கு. யாருக்குச் சலுகை, யாருக்கு விதி, யாரைக் கேட்பது, யாரைக் கேளாமல் விடுவது என்பன எந்தக் கூட்டற்கணக்கிலும் அகப்படா. தணிக்கையாளர் கண்ணுக்கும் அவை எளிதில் படா.

இப்பாடம் தில்லிக்கு மட்டும் உரியதன்று. சினாலயங்களின் நிலக்குத்தகையும் அன்னதான நிதியும் கல்வி உதவித்தொகையும் அறங்காவலர் கையில் இருக்கின்றன. குத்தகை பாக்கி வைத்தோர் பட்டியலில் உறவினர் பெயர் விடுபட்டாலும், உதவி பெறுவோர் பட்டியலில் தகுதியுள்ள ஏழை மாணவன் பெயர் விடுபட்டாலும், ரொக்கப் புத்தகம் சரியாகவே இருக்கும். கள்ளாமை விரதம் மட்டும் முறிந்திருக்கும். பட்டியலின் இறுதியில் கையொப்பம் இடுபவர் அதிலுள்ள பெயர்களைப் படிப்பதோடு அதில் இல்லாத பெயர்களையும் தேடவேண்டும் என்பதே விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் வாழ்வு நமக்குத் தரும் செய்தி.

அருகன் திருவடி நிழலில் கூடும் இத்திருவிழா நாளில், அருங்கலச்செப்பை ஓதும் நாவும் கணக்கை எழுதும் கையும் ஒன்றாகுக.